மசோதாவோடு மேலேறிய மதகடி

இந்த விவரத்தை நான் பல வருடங்களாக நம்பவில்லை. அப்படிச் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. காலையில் நம்பாமல் எழுந்திருப்பேன், சாயங்காலம் பேருந்து மதகடியைத் தாண்டும்போது ஜன்னல் வழியே அந்த வீடுகளைப் பார்த்துப் பாதி நம்புவேன், என் தெருமுனை வருவதற்குள் அந்தப் பாதியும் கரைந்துபோகும். எனக்கு இதைச் சொன்னவர் செங்கமலம், மதகடியில் தேய்ப்புக் கடை வைத்திருப்பவர். நானோ சட்டப்பேரவைச் செய்தியாளனாக வேலை பார்த்தவன். எத்தனையோ அமைச்சர்கள் எழுந்து நின்று சொன்ன எத்தனையோ வாக்குறுதிகளை மறுகேள்வி கேட்காமல் குறித்துக்கொண்டு போய் அச்சில் ஏற்றியவன், ஒரு பெண் தன் வீட்டைப் பற்றிச் சொன்னதை மட்டும் ஏன் இப்படிச் சந்தேகிக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டால், கிடைக்கிற பதில் எனக்குப் பிடித்ததாக இருந்ததில்லை.

மதகடி என்பது ஒரு பழைய வாய்க்காலின் கரை. வயல்கள் மனைகளாகி, வாய்க்கால் வேறு பக்கம் திருப்பிவிடப்பட்டு, மதகுக் கதவு துருப்பிடித்து ஆடுகள் முதுகு தேய்க்கும் இடமாகிப் போன பிறகும், தூர் வாரவென்று கூட்டிவரப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே வீடு கட்டி, அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே வாக்களித்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அரசுக் கணக்கில் மட்டும் அது இன்னும் வாய்க்கால் புறம்போக்கு. வாய்க்கால் புறம்போக்கில் பட்டா தரக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. தண்ணீர் போய்விட்டது, சட்டம் போகவில்லை. கோடை முடிவதற்குள் வீடுகளை இடித்து இடத்தைக் காலி செய்யப்போவதாக அதிகாரிகள் கதவு கதவாக நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தத் தொகுதியின் உறுப்பினர் மாசிலாமணி. அவர் ஜெயிக்கும்போதெல்லாம் அவருடைய கட்சி தோற்கும். அதனால் பேரவையில் எதிர்க்கட்சி வரிசையைத் தவிர வேறெந்த வரிசையிலும் அவர் உட்கார்ந்ததில்லை. அவருடைய வெள்ளைச் சட்டைகளைத் தேய்த்துக் கொடுத்தவர் செங்கமலம்.

"அண்ணே, காலருக்குக் கஞ்சி போதுமா?"

"போதும் தங்கச்சி. என்ன புதுசாக் கேக்குற?"

"நீங்க அங்க நிமிந்து நின்னு எங்களுக்காக ஏதாச்சும் பண்ணுவீங்கன்னுதான் இத்தனை வருசமா மொடமொடன்னு போட்டு விடுறேன். காலர் மட்டுந்தாண்ணே நிமிந்து நிக்குது."

மாசிலாமணிக்குக் காது சிவந்துவிட்டது. "நான் எதிர்க்கட்சிம்மா. நான் என்ன பண்ண முடியும்?"

"நீங்க போற எடம் சட்டம் பண்ற எடந்தானே?"

"ஆமா."

"அப்ப பண்ணிட்டு வாங்க. சட்டை ரெடி."

இப்படித்தான் அந்த மசோதா பிறந்தது. ஆட்சியில் இல்லாத ஓர் உறுப்பினர் தானே ஒரு மசோதாவைக் கொண்டுவரலாம், அதற்கு வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் நேரம் உண்டு, அந்த நேரத்தில் பாதி அவை தூங்கும், மீதி அவை ஊருக்குக் கிளம்பியிருக்கும், அமைச்சர் எழுந்து 'அரசு பரிசீலிக்கும், உறுப்பினர் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்' என்பார், உறுப்பினரும் நன்றி சொல்லித் திரும்பப் பெற்றுக்கொள்வார். அப்படித் திரும்பப் பெறப்படாத தனி மசோதாவை நான் பார்த்ததில்லை. மதகடியில் குடியிருப்போருக்கு அவரவர் வீடிருக்கும் இடத்தைப் பட்டாவாக வழங்கும் மசோதாவை அறிமுகம் செய்ய அனுமதி வேண்டும் என்று மாசிலாமணி எழுந்து கேட்டார். யாரும் மறுக்காததால் அனுமதி தரப்பட்டது. செய்தியாளர் மாடத்தில் நான் கொட்டாவி விட்டேன்.

அந்த நேரத்தில் மதகடியில் எல்லா வீடுகளும் தரையிலிருந்து ஒரு சாண் மேலே எழும்பி நின்றன.

சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று செங்கமலம் சொன்னார். அடுப்பில் பால் தளும்பவில்லை, தொட்டிலில் பிள்ளை விழிக்கவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தவர் வாசற்படியில் கால் தடுக்கியபோதுதான் தெரிந்தது. குனிந்து பார்த்தால், வீட்டுக்குக் கீழே எதிர்த்தெரு வெளிச்சம் வருகிறது, ஒரு கோழி அந்தப் பக்கம் நுழைந்து இந்தப் பக்கம் வருகிறது. ஆளாளுக்கு ஒரு செங்கல்லை எடுத்து வாசலில் படியாகப் போட்டுக்கொண்டார்கள், வேலையைப் பார்க்கப் போனார்கள். பல வருடங்களாகத் தொலைந்துபோயிருந்த செருப்புகளும் கரண்டிகளும் பிள்ளைகளின் பம்பரங்களும் வீட்டடியில் கிடைத்தன. அன்றைய பேச்செல்லாம் அவற்றைப் பற்றித்தான்.

திங்கட்கிழமை காலையில் தாசில்தார் ஜேசிபியோடு வந்தார். கூட வந்த சர்வேயர் இடத்தை இப்படியும் அப்படியும் அளந்தார், குனிந்து வீடுகளுக்கு அடியிலும் சங்கிலியை இழுத்து அளந்தார், எழுந்து தலையைச் சொறிந்தார்.

"ஆக்கிரமிப்பு எவ்வளவுய்யா?"

"நிலத்துல ஆக்கிரமிப்பு இல்ல சார். நிலம் காலியா இருக்கு."

"எதிர்ல வீடு நிக்குதே, கண்ணு தெரியலயா?"

"வீடு இருக்கு சார். நிலத்துல இல்ல."

"பின்ன எதுல இருக்கு?"

"அதை அளக்க நம்மகிட்ட சங்கிலி இல்ல சார்."

தாசில்தார் ஜேசிபி ஓட்டுநர் லூர்துசாமியைப் பார்த்தார். லூர்துசாமி வானத்தைப் பார்த்தார். செங்கமலம் வாசலில் நின்றபடி, "சார், காத்து எந்தத் துறைல வருது? அங்க போய் ஒரு கடுதாசி வாங்கியாங்க, நாங்க காலி பண்றோம்" என்றார். தெரு முழுக்கச் சிரித்தது, சர்வேயரும் திரும்பி நின்று சிரித்தார். தாசில்தார் ஜேசிபியை அங்கேயே நிறுத்திவிட்டு மேலிடத்தில் கேட்டு வரப் போனார். உத்தரவு வரும்வரை நகரக்கூடாது என்பதால் லூர்துசாமி தினமும் வந்து வண்டியில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வாரத்திலிருந்து அவருக்கும் சேர்த்து டீ போட்டார்கள்.

அதன் பிறகு மசோதா எப்படி எப்படி நகர்ந்ததோ, மதகடி அப்படி அப்படி உயர்ந்தது. மசோதா அச்சாகி உறுப்பினர்கள் கைக்குப் போன நாளில் இடுப்பளவு. அதன் நோக்கத்தின் மீது விவாதம் நடந்த நாளில், பேசியவர்கள் பேசப் பேச, ஏறி ஏறி, வேப்பமரத்து உச்சிக்கு வந்து நின்றது. மரத்திலிருந்த காக்கைகள் முதல் இரண்டு நாள் கோபமாக இருந்தன, பிறகு சமையலறை ஜன்னல்கள் இவ்வளவு பக்கத்தில் வந்ததில் உள்ள வசதி அவற்றுக்குப் புரிந்தது. நூலேணிகள் தொங்கின. வீட்டுக்கு வீடு மூங்கில் பாலம் கட்டினார்கள், முன்பு சாக்கடைத் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் சாக்கடையே கீழே போய்விட்டதால் பேச ஆரம்பித்தார்கள். துவைத்த துணி பிழிந்து முடிப்பதற்குள் காய்ந்தது. செங்கமலம் கரிப்பெட்டியை மேலேயே வைத்துத் தேய்த்து, துணியைக் கூடையில் அடுக்கிக் கயிற்றில் இறக்கினார். பேருந்து நடத்துநர், "மதகடில ஏறுறவங்க எல்லாம் எறங்குங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டார். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை பாதி ஏணியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட, பெண்ணே இறங்கி வந்து அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள், மேலே போனபோது சம்மதம் சொல்வதற்கு மிச்சம் எதுவும் இருக்கவில்லை.

வீடுகள் மேலே நிற்கும்போது மசோதாவைத் திரும்பப் பெறச் சொல்ல அமைச்சருக்குத் துணிவு வரவில்லை. பேரவை அதை ஒரு தெரிவுக் குழுவுக்கு அனுப்பியது. எல்லாக் கட்சி உறுப்பினர்களும் உள்ள அந்தக் குழு, இடத்தை நேரில் பார்க்க வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறியது. பலகாரம் வந்தது, காற்று வந்தது, எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே பாயில் உட்கார்ந்து ஊரை மேலேயிருந்து பார்த்தார்கள், தங்கள் தங்கள் தொகுதியைக் கையால் காட்டிக்கொண்டார்கள். குழுத் தலைவர் மசோதாவை ஒவ்வொரு பிரிவாகப் படித்தார். "பட்டா குடும்பத் தலைவர் பெயரில்" என்ற இடம் வந்தது.

"எங்க வீட்டுத் தலைவரு சீட்டாடப் போயிருக்காருங்க" என்றார் செங்கமலம். "இந்த ஏணியைப் பாத்ததுலேருந்து கீழ மதகுமேலதான் படுக்கை. மேல வந்து குடியிருக்கறது நான். எழுதறதுன்னா என் பேர எழுதுங்க."

பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஆமாம் என்றார்கள். குழுத் தலைவர் பேனாவை எடுத்துத் திருத்தம் எழுதினார். அவர் எழுதி முடித்தபோது வீடுகள் லேசாக ஆடி, இன்னும் ஒரு முழம் ஏறின. தட்டிலிருந்த முறுக்கு மட்டும் நகர்ந்தது.

குழு திருத்தங்களோடு மசோதாவைத் திருப்பி அனுப்பியபோது அந்தப் பேரவையின் ஆயுள் முடிய இருந்தது. தேர்தல் வருகிறது. தனி உறுப்பினர்களுக்கான கடைசி வெள்ளிக்கிழமை ஒன்று மட்டும் பாக்கி. அன்றைக்குப் பிரிவு பிரிவாக ஓட்டுக்கு விட்டு நிறைவேற்றாவிட்டால், பேரவை கலையும்போது மசோதாவும் செத்துப்போகும். வீடுகள் என்னவாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. கீழே லூர்துசாமிக்கு உத்தரவு வந்திருந்தது: வீடுகள் தரையைத் தொட்டால் உடனே வேலையை ஆரம்பிக்க வேண்டும்.

அரசுக்கும் வேறு வழியில்லாமல் இருந்தது. வானத்தில் ஒரு குடியிருப்பை வைத்துக்கொண்டு எந்த அரசு தேர்தலுக்குப் போகும்? கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. சட்டமாக்கினால் இறங்கும் என்று சட்டத்துறை குறிப்பு எழுதியது. ஆகவே ஆளுங்கட்சி ஆதரிக்க இருந்தது, எதிர்க்கட்சியும் ஆதரிக்க இருந்தது. நடக்கவேண்டியதெல்லாம் ஒன்றுதான். பெயர் கூப்பிடும்போது மாசிலாமணி எழுந்து நின்று மசோதாவை முன்மொழிய வேண்டும்.

இங்கேதான் மாசிலாமணி தன் வாழ்நாள் பழக்கத்தைச் செய்தார். கேள்வி நேரத்தில் பேருந்துக் கட்டணம் பற்றி ஆரம்பித்த வாக்குவாதம் பிற்பகல் வரை இழுத்தது. எதிர்க்கட்சித் தலைவர் எழுந்தார், கையை உயர்த்தினார், வாசலை நோக்கி நடந்தார். அவர் நடந்தால் மாசிலாமணியின் கால்கள் மாசிலாமணியைக் கேட்பதில்லை. எல்லாருக்கும் முன்னால் போய், "ஜனநாயகப் படுகொலை!" என்று ஒலிவாங்கிகளுக்கு முன்னால் வழக்கம்போல் மூன்று தடவை சொல்லிவிட்டு, வழக்கம்போல் உணவகத்துக்குப் போய், வழக்கம்போல் ஒரு போண்டா கேட்டு உட்கார்ந்தார்.

மதகடி இறங்க ஆரம்பித்தது.

முதலில் காக்கைகள் கத்தின. பிறகு ஜன்னலில் தெரிந்த தூரத்துக் கோபுரம் எதிர்த்தெரு வீட்டு ஓட்டுக்குப் பின்னால் மறைந்தது. தண்ணீர்த் தொட்டி எதிரே வந்தது, வேப்பமரத்தின் நடுக்கிளை எதிரே வந்தது. நூலேணிகள் தரையில் சுருண்டன. கீழே லூர்துசாமி வண்டியின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, போடாமல், மேலே பார்த்து, "அக்கா, இறங்காதீங்கக்கா! இறங்காதீங்க!" என்று கத்தினார். செங்கமலம் போனை எடுத்தார்.

"அண்ணே, எங்கருக்கீங்க?"

"வெளிநடப்பு பண்ணிட்டோம் தங்கச்சி. டிவில பாத்தியா?"

"எதை விட்டு வெளிய நடந்தீங்க?"

"பேரவைய விட்டு."

"உள்ள என்ன நடக்குது?"

மாசிலாமணி வாயில் போண்டாவோடு யோசித்தார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. வெளிநடப்புக்குப் பிறகும் உள்ளே ஏதோ நடந்துகொண்டிருக்கும் என்பதே அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அண்ணே, ஜேசிபி மேல்கூரை எங்க வாசப்படிக்கு வந்திருச்சு. எந்திரிச்சு ஓடுங்க!"

அவர் ஓடியதை நான் பார்த்தேன். இந்தக் கதையில் பேரவையில் நடந்தது மட்டும்தான் நான் கண்ணால் பார்த்தது. வாசலில் கட்சிக் கொறடா கையை நீட்டி மறித்தார்: "வெளிய வந்தா இன்னிக்கு உள்ள போகக்கூடாது, கட்சி முடிவு. போனா அடுத்த தேர்தல்ல சீட்டு கேட்டு வராதீங்க." மாசிலாமணி கையிலிருந்த பாதிப் போண்டாவை அந்த நீட்டிய கையில் வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார். பேரவைத் தலைவர் அவருடைய பெயரை ஒருமுறை கூப்பிட்டு, காலி இருக்கையைப் பார்த்து, இரண்டாவது முறை கூப்பிட்டு, அடுத்த பொருளுக்குப் போகத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சி வரிசை முழுக்கக் காலி. அந்தக் காலி வரிசைகளுக்கு நடுவில் மூச்சு வாங்க, காலர் மட்டும் கசங்காமல், ஒரே ஒரு ஆள் நின்றார்.

"இருக்கேன் ஐயா. முன்மொழிகிறேன்."

ஒவ்வொரு பிரிவாக ஓட்டுக்கு விட்டார்கள். கடைசியில், "மசோதாவை நிறைவேற்ற வேண்டும் என்போர் 'ஆம்' என்க" என்றார் பேரவைத் தலைவர். அந்த அவையில் மாசிலாமணி அதுவரை ஒருமுறைகூட 'ஆம்' சொன்னதில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஆளுங்கட்சி வரிசைகள், கொண்டுவந்தவர் முதலில் சொல்லட்டும் என்று காத்திருந்தன. பேரவைத் தலைவரும் காத்திருந்தார். பிறகு, குரல் உடைகிற வயதுப் பையனின் குரல் போல ஒன்று கிளம்பி வந்தது. "ஆம்." அவர் பயந்துபோய்ச் சுற்றிப் பார்த்தார், இன்னும் சத்தமாக இன்னொரு முறை சொன்னார், மூன்றாவது முறை பாட்டு மாதிரி சொன்னார். அவை சிரித்துவிட்டது, அந்தச் சிரிப்போடு எல்லாரும் 'ஆம்' என்றார்கள், மேசைகளைத் தட்டினார்கள். 'இல்லை' என்பதற்கு ஆள் இல்லை. மசோதா நிறைவேறியது.

மதகடியில் செங்கமலத்தின் வாசற்படி தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நின்றிருந்தது. மேசை தட்டிய அதே கணத்தில் மொத்தக் குடியிருப்பும் ஊஞ்சலை உந்திவிட்டது போல எழும்பி, வேப்பமரத்தைத் தாண்டி, பனைகளைத் தாண்டி, பருந்துகள் சுற்றும் உயரத்துக்குப் போனது. லூர்துசாமி வண்டியின் மேல் ஏறி நின்று துண்டைச் சுழற்றினார்.

அவையில் நிறைவேறினால் சட்டமாகிவிடும் என்று நினைத்திருந்தார்கள். ஆளுநரின் ஒப்புதல் பாக்கியிருந்தது. கோப்பு எங்கே போனதோ அதன் பின்னாலேயே மதகடியும் வானத்தில் போனது. சட்டத்துறையில் சரிபார்த்தபோது தலைமைச் செயலகத்துக்கு மேலே நின்றது, ஊழியர்கள் மதிய உணவுக்கு வெளியே வந்து மேலே பார்த்துச் சாப்பிட்டார்கள். கோப்பு ஆளுநர் மாளிகைக்குப் போனதும் அந்தத் தோட்டத்துக்கு மேலே போய் நின்றது. வடக்கேயிருந்து வந்த, வயதான, வெயில் தாங்காத மனிதர் அந்த ஆளுநர். மருத்துவர் நடக்கச் சொல்லியிருந்தும் வெயிலுக்குப் பயந்து உள்ளேயே இருந்தவர், தோட்டத்தில் நிழல் விழுந்ததும் வெளியே வந்து நடக்க ஆரம்பித்தார். பிள்ளைகள் மேலேயிருந்து கையசைத்தார்கள். அவரும் அசைத்தார். கோப்பு மேசையில் இருந்தது, அவர் நடந்துகொண்டே இருந்தார்.

ஒரு நாள் செங்கமலம் குனிந்து கூப்பிட்டார். "ஐயா, கையெழுத்து என்னாச்சு?"

ஆளுநர் தனக்குத் தெரிந்த தமிழில், கொஞ்சம் வெட்கத்தோடு, மேலே பார்த்துச் சொன்னார்: "அம்மா, நிழல் நல்லா இருக்கு."

அந்த மனிதரை ஏசச் செங்கமலத்துக்கு மனம் வரவில்லை. "எங்க வேப்பமரத்தடியில இதவிட நல்ல நிழலுங்கய்யா. நாங்க அங்க போய்ச் சேந்தா நீங்களும் வந்து நடக்கலாம். இங்க தனியா நடக்கறீங்க. அங்க பேச ஆள் இருக்கும்."

அன்று பகலுக்குள் கையெழுத்து ஆனது.

அரசிதழில் சட்டம் அச்சான காலையில் மதகடி தன் கரைக்கு மேலே திரும்பி வந்து, மெதுவாக இறங்கத் தொடங்கியது. ஊரே திரண்டு வந்தது. மேளக்காரர்கள் வந்தார்கள், காரில் ஆளுநர் வந்தார், கட்சியில் சீட்டு போன மாசிலாமணி அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் "ஆம், ஆம்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். மேலேயிருந்து போட்ட கயிறுகளைக் கீழேயிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள், லூர்துசாமி முதல் கயிற்றைப் பிடித்தார். இடையில் ஒரு மழைக்காலம் போயிருந்தது, கரை முழுக்க இடுப்பளவு புல் ஒரே பச்சையாக வளர்ந்து கிடந்தது. சுவரின் தடமோ வாசலின் தடமோ ஒரு கோடுகூட இல்லை. சர்வேயர் இன்னும் கல் நடவில்லை. "இருங்கம்மா, அளந்து சொல்றேன்!" என்று அவர் சங்கிலியோடு அங்குமிங்கும் ஓடினார். யாரும் காத்திருக்கவில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் பெண்கள் தலையை நீட்டி, "இடது பக்கம் இழு! இன்னும்! போதும், விடு!" என்று கத்த, ஒவ்வொரு வீடாக இறங்கிப் புல்லில் உட்கார்ந்தது. கடைசி வீடு இறங்கிய பிறகு சர்வேயர் பழைய வரைபடத்தை வைத்து அளந்து பார்த்தார். ஒரு வீடும் ஒரு விரல்கூட மாறியிருக்கவில்லை. செங்கமலம் படியிலிருந்து புல்லில் காலை வைத்தார், அழவில்லை, கரிப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு யாருக்கு முதலில் டீ என்று கேட்டார்.

அன்று எங்கள் பத்திரிகையில் நான் எழுதியது ஒரு சின்னச் செய்தி. மதகடிப் பட்டாச் சட்டத்துக்கு ஆளுநர் ஒப்புதல் அளித்தார் என்று. அது உண்மை. அதை யாரும் சந்தேகப்படவில்லை, நானும் சந்தேகப்படவில்லை. மற்றதையெல்லாம் இத்தனை வருடங்கள் சந்தேகித்தேன். போன மாதம் மழை விட்ட ஒரு மத்தியானம் இரண்டு சட்டைகளை எடுத்துக்கொண்டு செங்கமலத்தின் கடைக்குப் போனேன். 'இதெல்லாம் நிஜமாக நடந்ததா?' என்று கேட்டுவிடுவதென்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் சட்டையை விரித்து, தண்ணீர் தெளித்து, பெட்டியை எடுத்து வைத்தார். துணியிலிருந்து ஆவி எழும்பியது. "என்ன சார், ஏதோ கேக்க வந்தாப்ல இருக்கு?" என்றார். நான் வாயைத் திறந்தபோது, வழியெல்லாம் சொல்லிப் பார்த்த கேள்வி வரவில்லை. வேறொன்று வந்தது.

"அவ்வளவு உயரத்துலேருந்து, எல்லாம் ஒரே புல்லா கெடக்கும்போது, உங்க இடம் இதுதான்னு எப்படிம்மா தெரிஞ்சுது?"